குரங்கோடு முடிந்த விசாரணை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. மன்னாரிலும்தான். மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அவை தேசிய மின்கட்டமைப்போடு கோர்க்கப்பட்டவை. வாசலிலேயே மின்நிலையம் இருந்தும் மன்னார்க்காரர் ஓலை விசிறியைத் தேடவேண்டியதாயிற்று.

காரணத்தை அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார்: பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டுவிட்டதாம். நாடே சிரித்தது. புரோகிராமர்களுக்கு மட்டும் சிரிப்பு வந்திராது. ஒற்றை வரியில் முடிகிற இந்தப் பாணிப் பிழைச்செய்தியை அவர்கள் தினமும் வாசிக்கிறார்கள்.

புரோகிராம் விழுந்தால், எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது, எந்த வரியில் விழுந்தது என்று ஒரு தடம் கிடைக்கவேண்டும். பேக்ட்ரேஸ் என்பது அதுதான். கிடைப்பதோ சில நாளில் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று ஒற்றை வரி. வேறொரு தளத்திலிருந்து வந்த ஸ்கிரிப்ட் விழுந்தால், பாதுகாப்புக் கருதி பிரவுசர் 'ஸ்கிரிப்ட் எரர், வரி 0' என்று முடித்துக்கொள்ளும். பூச்சியமாவது வரியை எந்த ஃபைலில் போய்த் தேடுவது?

ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட் இன்னும் ஒரு படி மேல். ஒரே பிழை திரும்பத் திரும்ப நடந்தால், வேகத்தை முன்னிட்டு, தடத்தையே விட்டுவிட்டுப் பிழையின் பெயரை மட்டும் எறியும். காலையிலிருந்து அதே கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்த கச்சேரிக் கிளார்க் மாதிரி. முழு விவரம் வேண்டுமென்றால் பழைய லாக்கில் அது முதன்முதல் விழுந்த இடத்தைத் தோண்டவேண்டும். அந்த லாக்கை இடம் போதாதென்று யாரோ ஏற்கெனவே அழித்திருப்பார்கள்.

மொழிகள் திருந்தாமலில்லை. 2020இல் வந்த ஜாவா 14, வெற்று மதிப்பால் புரோகிராம் விழுந்தால் எது வெறுமையாக இருந்தது என்று பெயர் சொல்லப் பழகியது. 2022இன் பைத்தான் 3.11, வரிக்குள்ளேயே பிழை நடந்த இடத்துக்குக் கீழே குறி போட்டுக் காட்டுகிறது. குரங்கு எந்தக் கம்பியைப் பிடித்தது என்பதுவரை இப்போது தெரியும்.

ஆனால் குரங்கு நாள்தோறும் தாவுகிறது. அன்றைக்கு மட்டும் ஏன்? மின்சார சபையின் பிந்திய விளக்கத்தில்தான் விஷயம் இருந்தது. ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. வெயிலில் சூரிய மின்சாரம் பெரும்பங்கு. சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவு, ஆகவே அதிர்ச்சியைத் தாங்கும் சடத்துவமும் குறைவு. ஓரிடத்துக் கோளாறு நாடளாவிப் பரவி, நுரைச்சோலை மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றன. அவை உடனே திரும்பாததால் திங்களும் செவ்வாயும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. அந்த இருட்டு மட்டும் நேர அட்டவணையோடு, முறைப்படி அறிவித்துவிட்டு வந்தது.