மேலாளருக்கு விடுதலை

மனச்சோர்வுக்குக் காரணம் மேலாளர் இல்லையாம், குடல் பாக்டீரியாவாம். என்ன நிம்மதி!

2016இல் அயர்லாந்தின் கார்க் நகர விஞ்ஞானிகள், மனச்சோர்வு நோயாளிகளின் மலத்திலிருந்த நுண்ணுயிர்களை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகளும் சோர்ந்தன. வீட்டுக் கடன் கிடையாது, மாதக் கடைசி கிடையாது, இரவு பதினொரு மணிக்கு அலுவலக வாட்ஸப் கிடையாது, இருந்தும் சோர்ந்தன. வேறென்ன சான்று வேண்டும்?

எனவே ஊதிய உயர்வுக்குப் பதில் ஆளுக்கொரு கப் புரோபயாடிக் தயிர் நீட்டும் நிறுவனங்களை வயிறார வாழ்த்துகிறேன். தொழிற்சங்கத்தைக் கலைத்துவிடலாம். கோஷம் போடுகிறவருக்கு ஒரு பேதி மாத்திரை போதும்.

உடலில் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் தயாராகிறது. அது ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் நுழையாது என்பது சிறு நிர்வாகச் சிக்கல். நம் மனுக்கள் மட்டும் மேலிடம் போய்ச் சேர்ந்துவிட்டனவா என்ன?