கேளுங்கள், சொல்கிறேன்: உப்பளத்துக்குப் போன நாவலாசிரியர்

கே: பிரெஞ்சு நாவலாசிரியர் ஜார்ஜ் சாண்ட் பற்றிப் படித்தேன். பெண்ணுரிமை, சோஷலிசம், நாவல் மூன்றும் ஒரே ஆளிடம்! தமிழில் அப்படி யார் இருக்கிறார்கள்?
— வாசகி, ஈசூன்

ப: ராஜம் கிருஷ்ணன். 1925இல் முசிறியில் பிறந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். மின்பொறியாளரான கணவருக்கு மாற்றல் உத்தரவு வந்த இடத்தில் இவருக்கு நாவல் வந்தது. நீலகிரிக்குப் போனார்கள், படகர்களைப் பற்றி ‘குறிஞ்சித்தேன்’ கிடைத்தது.

ஆனால் சாண்டைவிட இவருக்கு நெருங்கிய பிரெஞ்சுச் சொந்தம் ஃப்ளோரா டிரிஸ்டான். சாண்டுக்குப் பாட்டி வழியில் வந்த பண்ணை வீடு இருந்தது. டிரிஸ்டானுக்கு நடையும் பயணமும்தான். லண்டன் ஆலை, சிறை, சேரி எல்லாம் நேரில் பார்த்து 1840இல் புத்தகம் போட்டார். 1843இல் இன்னொன்று: தொழிலாளர் எல்லோரும் ஒரே சங்கமாகச் சேருங்கள், ஆளுக்கு வருஷம் 2 பிராங்க் கொடுங்கள், பெண்ணுக்குச் சம உரிமை இல்லாமல் தொழிலாளிக்கு விடுதலை இல்லை என்றார். மார்க்ஸ்–ஏங்கெல்ஸ் அறிக்கை வர இன்னும் ஐந்து வருஷம் இருந்தது! அச்சிட ஆள் கிடைக்காமல் வீடு வீடாகச் சந்தா கேட்டுத்தான் டிரிஸ்டான் தன் புத்தகத்தை வெளியிட்டார்.

கே: கால்சட்டை போட்டால்தான் புரட்சிப் பெண்ணா?
— வாசகர், தேக்கா

ப: சாண்ட் ஆண் உடை போட்டது மலிவு விலை டிக்கெட்டில் நாடகம் பார்க்க, அந்த இருக்கைப் பக்கம் பெண்களை விடமாட்டார்கள். டிரிஸ்டான் துருக்கிய ஆண் வேடத்தில் போனது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள். நம் மணலூர் மணியம்மை, பிராமணக் கைம்பெண், தலைமுடியை வெட்டி, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு கீழத்தஞ்சை விவசாயக் கூலிகளுக்காக நின்றார். அவர் கதையைத்தான் ராஜம் கிருஷ்ணன் ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று 1991இல் நாவலாக்கினார். ராஜம் கிருஷ்ணன் எங்கே போனாலும் புடவைதான். உள்ளே விட்டால் போதாதா?

கே: மனைவி எழுத்தாளரானால் கணவர் என்ன செய்யவேண்டும்?
— புதுமாப்பிள்ளை, பொங்கோல்

ப: டிரிஸ்டானின் கணவர் 1838இல் நடுத்தெருவில் அவரைத் துப்பாக்கியால் சுட்டார், குண்டு கடைசிவரை உடம்பிலேயே தங்கிவிட்டது. அப்போது பிரான்சில் விவாகரத்து வாங்க வழியே இல்லை, 1816இல் ஒழித்திருந்தார்கள். சுடுவதைத் தவிர வேறெதுவும் செய்யலாம். இங்கே சிங்கப்பூரில் மனைவியைக் காக்கும் மாதர் சாசனம் 1961இலிருந்தே இருக்கிறது, ஞாபகம் வையுங்கள்.

கே: ராஜம் கிருஷ்ணன் போல நேரில் போய்ப் பார்த்து எழுதினால் அது கட்டுரைதானே? அதற்கு எதற்கு நாவல் என்ற பெயர்?
— வாசகர், அங் மோ கியோ

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். இவருடைய பாத்திரங்கள் சில நேரம் வாயைத் திறந்தால் மைக் சத்தம் கேட்கும். அங்கெல்லாம் நான் பக்கத்தைத் தள்ளிவிடுவேன். ஆனால் ‘கரிப்பு மணிகள்’ (1979) எடுத்துப் பாருங்கள். தூத்துக்குடி உப்பளம். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பறிக்கும். பாத்தியில் நிற்கும் கால் உப்புநீரில் ஊறிப் புண்ணாகும். பக்கத்திலேயே கடல், குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீருக்குத் திண்டாட்டம். இவ்வளவையும் கட்டுரையில் எழுதிவிடலாம். அங்கே உப்புச் சுமக்கும் பெண் முதலாளியிடம் கூலிக்குப் போராடுகிறாள். மேலாள் கைக்கும் தப்பவேண்டும். வீடு திரும்பினால் அடுப்பும் அவள் தலையில். மூன்றும் ஒரே நாளில், ஒரே உடம்பில். அது நாவலில்தான் உறைக்கும். சங்கம் பேசியவர்கள் மேலாள் கையைப் பேசவில்லை. மாதர் மன்றங்களில் பேசியவர்கள் கூலியைப் பேசவில்லை. இவர் இரண்டையும் விடவில்லை, எனக்கு இவர் பெரியவராகத் தெரிவது அதனால்தான்.

கே: ராஜம் கிருஷ்ணன் இன்று இருந்து சிங்கப்பூர் வந்தால் எங்கே போவார்?
— வாசகி, உட்லண்ட்ஸ்

ப: கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்தை ஒரு சுற்று. பிறகு ஞாயிறு சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம், ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும் கட்டுமானத் தம்பிகளிடம் அரை மணி நேரம். ஆனால் நோட்டை அவர் கடைசியில் திறப்பது இல்லப் பணிப்பெண் பக்கத்தில்தான் என்று பந்தயம் கட்டுவேன். அவளுக்கு வாராந்தர ஓய்வு நாள் சட்டமே 2013இல்தான் வந்தது. வீவக வீட்டின் பின்கட்டில் துணி காயப்போடும் அந்தப் பெண் நம் கதைகளில் எத்தனை முறை வாய் திறந்து பேசியிருக்கிறாள்? தேநீர்த் தட்டோடு வருவாள், வசனமில்லாமல் போய்விடுவாள். மரீனா பே வாணவேடிக்கையை வர்ணிக்க நமக்கு ஆள் பஞ்சமில்லை.

கே: முழுநேர எழுத்தாளராகலாம் என்று யோசிக்கிறேன்…
— இளைஞர், ஜூரோங்

ப: ராஜம் கிருஷ்ணனுக்கு 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது. 2009இல், உயிரோடு இருக்கும்போதே, நூல்கள் நாட்டுடைமை. கடைசிக்காலத்தில் முதியோர் இல்லம். 2014இல் மறைந்தார். மத்திய சேம நிதி கட்டும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

கே: அவர் புத்தகங்களில் எதில் தொடங்கலாம்?
— வாசகி, சிராங்கூன் சாலை

ப: ‘கரிப்பு மணிகள்’. நாட்டுடைமை என்பதால் இணையத்தில் படிக்கக் காசு செலவில்லை. இந்த வாரமே தொடங்குங்கள், அடுத்த கேள்வியைக் கொஞ்சம் கடினமாகக் கேளுங்கள்.