லாட்ஜ் அறை வாசனைகள்: ஓர் அகழாய்வுக் குறிப்பு

கீழடியில் காலத்தைப் பார்க்கக் குழி தோண்ட வேண்டும். லாட்ஜில் அறைக்கதவைத் திறந்தால் போதும். மதுரை டவுன்ஹால் சாலைப் பக்கம் நடுத்தர வாடகை அறை ஒன்றின் வாசலில் நின்று மூச்சை இழுத்தால் நான்கு அடுக்குகள் தெளிவாகப் பிரியும். அடியில் பினாயில். அதன்மேல் வாஷ்பேசின் ஓட்டையருகே கரைந்துகொண்டிருக்கும் அந்துருண்டை. அதற்கும் மேல், கல்யாணத்துக்கு வந்தவர்கள் கண்ணாடி ஆணியில் மாட்டிவிட்டுப் போன மல்லிகைச் சரமும் யாரோ முட்டிக்குத் தேய்த்த தைலமும். உச்சியில், நாம் படியேறி வருவதற்குள் ரூம் பாய் ஓடிப்போய் அடித்த எலுமிச்சை ஸ்பிரே.

உச்சி அடுக்கே இவ்வாய்வின் பொருள். கருதுகோள் எளியது: ஸ்பிரே பழைய வாடையை வெளியேற்றுவதில்லை, அதன் மடியிலேறி உட்கார்ந்துகொள்கிறது. ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பித் தள்ளும். ஆகையால் ஏசிக்கு நேரே டப்பாவைப் பிடித்து அழுத்துகிறவர் அந்த எலுமிச்சையை இரவு முழுக்கச் சுற்றுக்கு விடுகிறார். திரைச்சீலையும் தலையணையும் தம் பங்கை உறிஞ்சிவைத்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கும்.

வாசனையை மூக்கு அறியும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக ரிச்சர்ட் ஆக்சலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாங்கிகள் உண்டாம். அவற்றுள் ஒன்றுகூட எதிர் அறைக்காரரின் சங்கடத்தை உணர்வதற்காக அமையவில்லை. போதாக்குறைக்கு, எந்த வாசனையும் சில நிமிடங்களில் பழகி மறைந்துவிடுகிறது. அடித்தவர் ‘என்ன, ஒன்றும் வரலையே’ என்று மறுபடி அழுத்துவார். பக்கத்துக் கட்டிலில் இளைப்போடு படுத்திருக்கும் சித்தப்பாவுக்கு முதல் அழுத்தே அதிகம்.

அளவு பற்றி ஒரு சொல். மல்லிகை வாசத்தில் இண்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. மலத்திலும் அதுவே இருக்கிறது. துளியாக இருந்தால் பூ, கூடினால் கழிவறை. இதைச் சரம் விற்கும் அம்மாவிடம் விளக்க முயல்வது ஆய்வாளரின் உடல்நலத்துக்கு உகந்ததல்ல.

ஆய்வின் பரிந்துரை: முதலில் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் சுவர்தான் தெரிகிறது என்றால் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன். பிறகும் மனம் ஆறவில்லையா, அது ஓடும்போது உள்ளே ஒரே ஒரு அழுத்து. டப்பாவிலிருந்து வாசனையைத் தள்ளும் வாயு பெரும்பாலும் நம் சமையல் சிலிண்டரின் தாயாதி. கொசுவத்திச் சுருள் கனிந்துகொண்டிருக்கும் அறையில் அதை அடித்துப் பார்ப்பது தீயணைப்புத் துறையின் ஆய்வெல்லைக்குள் வரும்.

சாம்பிராணி கட்சியினர் இதை ஏற்பதில்லை. காலையில் புகை காட்டாமல் கோயிலுக்குக் கிளம்புவதா என்கிறார்கள். நியாயமான கேள்வி. கீழே மேனேஜர் தலைக்கு மேல் பிள்ளையார் படம் இருக்கிறது. அதற்கு முன்னால் விடிவதற்குள்ளேயே ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். கூட ஒன்றைச் செருகிவிட்டுப் போகிறேன் என்றவரை எந்த மேனேஜரும் தடுத்ததாக இதுவரை சான்று கிடைக்கவில்லை.