பூஜ்யத்தை விரட்டுவது எப்படி?

ஐந்தாம் தேதியை ‘05’ என்று காட்டாமல் வெறும் ‘5’ என்று காட்ட வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். பைத்தானில் லினக்ஸ்காரர் சதவீதக் குறிக்கும் ‘டி’ எழுத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு போடுவார். பூஜ்யம் மரியாதையாக விலகிக்கொள்ளும். அதே நிரலை விண்டோஸில் ஓட்டினால் இந்த வடிவமே செல்லாது என்று பிழை வரும். அங்கே கோட்டுக்குப் பதில் ‘ஹேஷ்’ போட வேண்டுமாம். எங்கும் ஓடும் மொழி என்று பெயரெடுத்த பைத்தான், தேதி விஷயத்தில் மட்டும் அந்தந்த இயங்குதளத்தின் சி நூலகத்தைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஜாவாஸ்கிரிப்டின் நியாயம் வேறு. ‘2024-08-15’ என்று, 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரத்துக்குப் பணிந்து ஒழுங்காக எழுதினால், அது கிரீன்விச் நள்ளிரவு. கோடுகளைச் சாய்த்து ‘2024/08/15’ என்றால் உள்ளூர் நள்ளிரவு. முதல் வகையைச் சென்னையில் பார்த்தால் காலை ஐந்தரை மணி. தேதி மாறாததால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நியூயார்க்கில் திறந்தால் முந்தைய நாள் இரவு எட்டு மணி. நம் சுதந்திர தினம் 14ஆம் தேதியே வந்துவிடும். (பாகிஸ்தானுக்குச் சரியாக இருக்கும்.) இதே மொழியில் மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், ஆகஸ்டின் எண் 7. நாட்கள் மட்டும் ஒன்றிலிருந்து. ஏன் என்று கேட்கக்கூடாது.

ஜாவாவில் ஆண்டுக்குச் சிறிய ‘ஒய்’ போட வேண்டிய இடத்தில் பெரிய ‘ஒய்’ போட்டவர்களுக்குப் பெரும்பாலான நாட்கள் நிம்மதியாகவே கழியும். டிசம்பர் கடைசியில்தான் அடுத்த ஆண்டு முன்கூட்டியே பிறக்கும். அந்த நிரலை எழுதியவர் அப்போது விடுமுறையில் இருப்பார்.