விசிலும் வேலியோரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உதைபந்தாட்ட நடுவரை 'மத்தியஸ்தர்' என்றே வழங்குவர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையும் இதே சொல்லைத் தாங்கியிருப்பினும், சபையார் பிணங்கிய இரு தரப்பையும் ஒன்றோடொன்று இணக்கிவைக்க, மைதானத்தவரோ அவ்விரு தரப்பையும் தமக்கு எதிராக இணக்கிவைக்கிறார். இப்பணியை நாடும் இளைஞர் 17 விதிகளையும் கற்று, எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டச் சோதனையிலும் தேற வேண்டும். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் தகப்பன்மாருக்கும் மாமன்மாருக்கும் பழைய மாணவருக்கும் இவற்றுள் எதுவும் தேவைப்படுவதில்லை. 11ஆம் விதியான ஓவ்சைட், அதாவது சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில் எதிரணியின் பாதியில் பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் கடந்து நின்றவர் ஆட்டத்தில் பங்குகொள்வது, கோட்டோரம் ஓடும் துணை மத்தியஸ்தரின் கண்ணுக்கே தப்பக்கூடியது. துரையப்பா விளையாட்டரங்கின் படிக்கட்டுகளிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் அது ஒருபோதும் தப்புவதில்லை. ஆட்டம் தொடர்பான நிகழ்வுகளில் மத்தியஸ்தரின் முடிவே இறுதியானது என்கிறது 5ஆம் விதி. 14 வயதுக்குட்பட்டோர் போட்டியாயினும் அம்முடிவு அன்று மாலையே தேநீர்க் கடையில் மேன்முறையீட்டுக்கு எடுக்கப்படும். வீரரும் மத்தியஸ்தரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாத நெருக்கடிக்குத் தீர்வாக 1970 உலகக் கிண்ணத்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் அறிமுகமாயின. குடாநாட்டிலோ அனைவருக்கும் ஒரே மொழி நன்றாகவே புரிகிறது, அதுவே நெருக்கடி. அட்டை பெற்ற சிறுவன் தலைகுனிந்து வெளியேறிவிடுகிறான். அட்டை எதுவும் பெறாத அவனுடைய மாமன்தான் மைதானத்துக்குள் நுழைகிறார்.