பாசிக்கு விருந்து வைக்கும் பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, இங்கன வா. மீன் தொட்டிக்கு முன்னால துட்டி வீட்டுக்கு வந்தவன் மாதிரி உக்காந்திருக்கியே, என்ன கொள்ளை போயிட்டு இப்போ? பாசி புடிச்சிருக்கு. அவ்வளவுதானே? தண்ணி விட்டே, வெளக்கு போட்டே, உரமும் ஊத்துனே. பாசி வராம பின்ன என்ன வரும், பிச்சிப்பூவா?

தொட்டி வச்ச புதுசுல தவிட்டு நெறத்துல படிஞ்சுதே, அன்னைக்கே வீட்டை ரெண்டாக்குனே. அது டையாட்டம்லே. புதுத் தொட்டின்னா வரும், கொஞ்ச வாரத்துல தானா போயிரும். போச்சா இல்லையா? அதுக்குள்ள கடைக்காரன் உனக்கு மூணு புட்டி வித்துட்டான்.

அந்தப் புட்டியில ஒண்ணு லிக்விட் கார்பன். செடிக்குச் சாப்பாடுன்னு நெனச்சு மூடி மூடியா ஊத்துதே. அந்தப் பேருல விக்கிறதுல பலதுலயும் இருக்கது குளூட்டரால்டிஹைடு. ஆஸ்பத்திரியில கருவியைக் கிருமி சாக ஊற வைக்காம்லா, அதே சரக்குதான். பாசி சாகத்தான் செய்யும். கூடச் சேந்து வாலிஸ்னேரியாவும்லா கரையுது? இன்னொரு புட்டியில செம்பு. எறாலு கெடக்க தொட்டியில அதை ஊத்துனா எறாலுக்குக் காரியம் வைக்க வேண்டியதுதான். வாங்கும்போது லேபிளைப் படிச்சியா, படத்தை மட்டும் பாத்தியா?

சரி, வெளக்குக்கு வருவோம். தொட்டியைச் சன்னலோரமா வச்சிருக்கே. காலை வெயிலு நேரா உள்ள பாயுது. பத்தாதுக்கு மேல ஒரு எல்இடி. நீ பல்லு வெளக்க முன்ன எரிய ஆரம்பிச்சா, ராத்திரி நீ படுக்கப் போறப்பதான் அணையுது. யாருக்குலே அவ்வளவு வெளிச்சம்? செடிக்கா, வந்து பாக்குத சொந்தக்காரங்களுக்கா? செடிக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம், மிஞ்சிப் போனா 8. அதுக்கு மேல எரியுததெல்லாம் பாசிக்கு விருந்து. ஒரு டைமரை வாங்கி மாட்டு. சன்னலுக்கு ஒரு துணியைத் தொங்கவிடு. மானம் ஒண்ணும் போயிராது.

பொறவு தீனி. மீனு வாயைத் தொறந்து தொறந்து மூடுதுன்னு நாலு வேளை கொட்டுதியே, அது பசியாலே? மூச்சு விடுதுலே கிறுக்கா! ரெண்டு நிமிசத்துல தின்னு முடிக்க அளவு போடு, போதும். மிச்சம் அடியில கெடந்து அழுகுனா அம்மோனியா வரும். வாரத்துக்கு ஒருக்கா 30லருந்து 50 சதவீதம் தண்ணியை மாத்துன்னா இடுப்பு வலிக்குங்கே. ஜிம்முல போயி இரும்பைத் தூக்கும்போது வலிக்கல?

இங்க கொஞ்சம் குனிஞ்சு பாரு. அனுபியாஸ் இலை ஓரத்துல கறுப்பா தாடி மொளைச்சிருக்குல்லா? கறுப்பா இருக்கேன்னு பாக்காதே, அது செம்பாசி வகை. பிச்செடுத்து ஸ்பிரிட்டுல போட்டுப் பாரு, செவக்கும். இது என்னத்துக்கு வந்துது? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை ஒரு நாளு தொறக்கே, மறுநாளு மறந்துடுதே. செடிக்கு மூச்சு முட்டுது, தாடிக்குக் கொண்டாட்டம். தெனமும் வெளக்கு எரிய ஒரு மணி நேரம் முன்ன தொற, அணைக்கும்போது மூடு. தாடி புடிச்ச இலையைக் கத்தரிச்சு எறி. நூலு நூலா தொங்குத பச்சைப் பாசிக்குப் பழைய பல்லு பிரஷை உள்ள விட்டுத் திருகு, இடியாப்பமா சுத்திக்கிட்டு வரும். அதுக்கும் ஒரு மிஷினு விக்கானான்னு தேடாதே.

உரத்தை அடியோட நிறுத்திரட்டுமாங்கியா? அது அதைவிடக் கூத்து. செடி பட்டினி கெடந்தா பாசிக்குத்தான் எடம். வேகமா வளருத செடியா நெறைய நடு. நம்ம குளத்துல சும்மா கெடக்க வேலம்பாசிச் செடி ஆகாதோ? அதுக்கு வெலை இல்லைல்லா, அதான் உனக்கு மதிப்பாத் தெரியல. அலசி எடுத்துப் போட்டுப் பாரு.

ஜப்பான்ல தகாஷி அமானோன்னு ஒருத்தரு, 2015ல போய்ச் சேந்தாரு. படம் புடிக்க மனுசன். தொட்டிக்குள்ள காட்டையே வளத்தாரு. அவரும் பாசிக்குச் சின்ன எறாலைத்தான் விட்டாரு. அந்த எறாலுக்கே இப்ப அவரு பேருதான். எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே, உன் போனுல கெடந்துதுதான். ஒண்ணு சொல்லுதேன்: அது நல்ல தண்ணியில குட்டி தேறாது, குஞ்சுக்கு உப்புத்தண்ணி வேணும். ‘ரெண்டு வாங்குனா நூறாகும்’னு எவனாவது சொன்னா நம்பிராதே.

பாசி திங்கும்னு கடைக்காரன் சக்கர் மீனைத் தலையில கட்டப் பாப்பான். வெரல் நீளத்துல வாங்குவே, ஒண்ணரை அடிக்கு நிக்கும். பொறவு எங்க கொண்டு விடுவே, குளத்துலயா? நம்ம ஊரு மீனு உருப்பட்ட மாதிரிதான். நத்தை ரெண்டு விடு, போதும். ஆனா பின்பக்கக் கண்ணாடியில இருக்கதைச் சொரண்டாதே. அங்க எவன் எட்டிப் பாக்கப் போறான்? நத்தைக்குச் சோறு வேண்டாமாலே?