சட்டைக்கு எதற்குச் சணல் கயிறு?

பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த சட்டைக்குப் புதுச் சட்டையைவிட விலை அதிகம். ஆடித் தள்ளுபடியிலும் அதற்கு மட்டும் விலை இறங்குவதில்லை. அதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு; கடைசியில் சொல்கிறேன். முதலில் அதில் தொங்கும் அட்டை. பழுப்பு நிறம், மூலையில் ஓர் இலை, சணல் கயிறு. பழுப்பு என்றாலே மறுசுழற்சி என்று முடிவுகட்டிவிட்டோம். வெளுக்காத புதுக் கூழில் செய்த கிராஃப்ட் காகிதமும் பழுப்புதான். மை நீக்கி வெளுத்த பழைய காகிதமோ பளிச்சென்று வெள்ளையாகவும் வரும். அட்டையிலுள்ள மறுசுழற்சியின் மூன்று அம்புக்குறி மட்டும் என்ன? 1970இல் கேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தது அது. 1988இல் பிளாஸ்டிக் தொழில்காரர்கள் அதேபோன்ற அம்பு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண் போட்டார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் சாதியைச் சொல்லுமே தவிர, மறுபிறவி உண்டா என்று சொல்லாது. அம்பைக் கண்டதும் நம் கை பர்ஸுக்குப் போய்விடுகிறது. கயிறு இன்னும் மோசம். அந்தப் பாலியெஸ்டர் சட்டையோடு வருவதில் நிச்சயமாக மக்கக்கூடியவை அட்டையும் கயிறும்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவற்றைத்தான் கத்தரித்து எறிகிறோம்.

விலையைப் பற்றிக் கேட்டால், பாட்டிலைக் கழுவி, சில்லாக்கி, உருக்கி, நூலாக்கச் செலவாகாதா என்பார்கள். ஆகும். பானிபட்டில் பழைய கம்பளித் துணியை நிறம் பிரித்து, கிழித்து, நூலாக்கிப் போர்வை நெய்யவும் செலவாகிறது; அந்தப் போர்வை வெள்ள நிவாரணத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு மலிவு. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் ஓப்பன் எண்ட் நூற்பு மில்லுக்குப் போய் நூலாகிறது. கழிவுத் துணியில் செய்த கால்மிதி எத்தனை காலமாக நம் வாசலில் கிடக்கிறது! பூமியைக் காப்பாற்றியதாக அது ஒருநாளும் அட்டை மாட்டிக்கொண்டதில்லை. நாமும் அதன்மேல் காலைத் துடைத்துவிட்டுத்தான் அந்தச் சட்டை வாங்கப் புறப்படுகிறோம்.

பாட்டில் கடலுக்குப் போகாமல் அந்தச் சட்டை தடுத்ததே, அதுவே பெரிதில்லையா என்று கேட்கலாம். பாட்டிலாக இருந்தவரை அது இன்னொரு பாட்டிலாகியிருக்கலாம். பருத்தியோடும் கலந்து சட்டையாகிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. துவைக்கிற ஒவ்வொரு முறையும் அதன் நுண்ணிழைகள் சாக்கடையில் இறங்குகின்றன. மொத்தமாகப் போகவேண்டியது தவணை முறையில் போகிறது. ஏற்கெனவே பீரோ கொள்ளாமல் சட்டை வைத்திருப்பவர் வாங்காமலே இருந்திருக்கலாமே என்றால், உலகை யார் காப்பாற்றுவது என்று எதிர்க்கேள்வி வருகிறது. விலைக்கான அந்த முக்கியமான காரணத்தைச் சொல்லத்தான் நினைத்தேன். இடத்தையெல்லாம் கயிறு தின்றுவிட்டது. அதுவும் பிளாஸ்டிக் சட்டைக்குச் சணல் கயிறு!